குழந்தையின் கட்டிலருகே பெற்றோர்: எங்கள் நிலைப்பாடு

"சாப்பிடலைன்னா சிஸ்டர் வந்து ஊசி போட்டுடுவாங்க." குழந்தைகள் வார்டில் வேலை பார்க்கும் செவிலியர்களான எங்கள் காதில் தினமும் விழும் மிரட்டல் இது. எங்களைப் பூச்சாண்டியாக்கியதற்கு அம்மாக்களை மட்டும் குறைசொல்ல முடியாது. ட்ரிப்ஸுக்கு ஊசி ஏற்றும்போது, "கொஞ்சம் வெளியே இருங்கம்மா" என்று கதவைச் சாத்துகிறவர்கள் நாங்கள்தான். உள்ளே ஒருவர் கையை அமுக்க, இன்னொருவர் காலைப் பிடிக்க, தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லாமல் கதறும் பிள்ளை, அதன்பின் சீருடையைக் கண்டாலே அலறுகிறது.

எங்கள் நிலைப்பாடு

குழந்தை மருத்துவமனையில் இருக்கும்வரை, இரவும் பகலும், தாயோ தந்தையோ நெருங்கிய உறவினரோ உடனிருக்க வேண்டும். தீவிர சிகிச்சைப் பிரிவுக்கும் ஊசி போடும் அறைக்கும் இது பொருந்தும். பார்வை நேரம் என்ற விதி இவர்களுக்கு வேண்டாம்.

காரணங்கள்

பெற்றோரைப் பிரிந்து மருத்துவமனையில் கிடக்கும் இரண்டு வயதுக் குழந்தையின் தவிப்பை ஜேம்ஸ் ராபர்ட்சன் என்ற ஆய்வாளர் 1952இல் படமாக்கிக் காட்டினார். மருத்துவமனையில் குழந்தைகளின் நலனை ஆராய்ந்த பிரிட்டனின் பிளாட் குழு 1959இல் பார்வை நேரக் கட்டுப்பாட்டை நீக்கப் பரிந்துரைத்தது. தடுப்பூசியின்போது குழந்தையைத் தாய் மடியில் வைத்திருப்பதும் பாலூட்டுவதும் வலியைக் குறைக்கும் என்று உலக சுகாதார நிறுவனம் 2015இல் அறிவுறுத்தியது.

"தாய் உள்ளே வந்தால் கிருமி வரும்" என்பது பழைய அச்சம். இந்தியா உள்ளிட்ட ஐந்து நாடுகளில் நடந்து 2021இல் வெளியான ஆய்வில், எடை குறைந்த சிசுக்களைப் பிறந்தவுடனேயே தாயின் நெஞ்சோடு அணைத்துப் பராமரித்தார்கள். வழக்கமான முறையைவிட இறப்பு 25 சதவீதம் குறைந்தது. கிருமித்தொற்றும் கூடவில்லை, குறைந்தது.

நாங்கள் கோருவது

• ஒவ்வொரு கட்டிலருகிலும் தாய் சாய்ந்து உறங்க ஓர் இருக்கை. உணவு, குளியலறை, கழிப்பறை.
• வலி தரும் சிகிச்சைகளுக்குத் தனி அறை. கட்டில் குழந்தைக்குப் பயமில்லாத இடமாக இருக்கட்டும்.
• வார்டில் விளையாட்டு மூலை. இந்தியா 1992இல் ஏற்ற குழந்தை உரிமை உடன்படிக்கையின் 31ஆம் பிரிவு விளையாட்டை உரிமை என்கிறது.
• இதையெல்லாம் பொறுமையாகச் செய்யப் போதுமான செவிலியர்கள்.

எங்கள் பொறுப்பு

கை கழுவும் முறையைப் பெற்றோருக்குச் சொல்லித்தருவோம். "வலிக்காது" என்று பொய் சொல்லாமல், "கொஞ்சம் வலிக்கும், அம்மா பக்கத்திலேயே இருப்பாங்க" என்போம். ஊசியைப் பார்க்கத் தாங்காத பெற்றோரை வற்புறுத்த மாட்டோம். "சிஸ்டரைக் காட்டிப் பயமுறுத்தாதீங்க" என்று அம்மாக்களிடம் கேட்கும் உரிமை, அந்தக் கதவைத் திறந்த பிறகுதான் எங்களுக்கு வரும்.