கறுப்புப் பெண்களின் சந்தேகம் மூடநம்பிக்கையா?

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் எச்.ஐ.வி. கிருமி புதிதாகத் தொற்றியிருப்பதாகக் கண்டுபிடிக்கப்படும் பெண்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் கறுப்புப் பெண்களே ஆவார்கள். அந்நாட்டுப் பெண்களின் மொத்தத் தொகையிலோ அவர்கள் 100-க்குச் சுமார் 13 பேர்தான். இந்த வித்தியாசத்திற்குக் காரணம் என்ன என்று கேட்டால் இரண்டு விதமான பதில்கள் சொல்லப்பட்டு வருகின்றன. ஒன்று ஒழுக்கக்காரர்கள் என்பவர்களுடைய பதில். அதாவது அப்பெண்களுடைய நடத்தை சரியில்லை என்பது. மற்றொன்று படித்தவர்கள் என்பவர்களுடைய பதில்; அதாவது அவர்கள் டாக்டரையும் மருந்தையும் நம்பாத மூடநம்பிக்கைக்காரர்கள் என்பது.

முதல் பதிலைச் சொல்லுகின்றவர்களைப் பற்றி நமக்கு யாதொரு ஆச்சரியமும் இல்லை. எந்த வியாதி வந்தாலும் அதில் பெண்ணின் குற்றம் ஒன்றைத் தேடி எடுப்பது அவர்களுடைய பரம்பரைத் தொழிலாகும். இரண்டாவது பதில்தான் நமக்குக் கவலையைத் தருகின்றது. ஏனெனில் அது பகுத்தறிவின் பெயராலும் விஞ்ஞானத்தின் பெயராலும் சொல்லப்படுகின்றது. ஆகவே அதையே முதலில் விசாரிப்போம்.

தோழர்களே! மூடநம்பிக்கை என்றால் என்ன? கண்டது கேட்டது ஆராய்ந்தது ஒன்றுமில்லாமல், ஒருவன் சொன்னான் என்பதற்காகவே ஒன்றை நம்புவதுதானே? அப்படியானால் இப்பெண்கள் டாக்டர்களைச் சந்தேகிப்பதற்குக் கண்டதும் கேட்டதும் உண்டா இல்லையா என்றல்லவா பார்க்க வேண்டும்?

1845 முதல் 1849 வரை அலபாமா மாகாணத்து மாண்ட்காமரி என்னும் ஊரில் ஜே. மேரியன் சிம்ஸ் என்ற டாக்டர் ஒருவர் இருந்தார். பிரசவக் கஷ்டத்தினால் உள்ளுறுப்புக் கிழிந்து மூத்திரம் தானாகவே ஒழுகிக் கொண்டிருக்கும் வியாதிக்குச் சிகிச்சை கண்டுபிடிப்பதற்காக அவர் அடிமைப் பெண்களை அறுத்து அறுத்துப் பார்த்தார். மயக்கமருந்து கொடுக்கவில்லை. அனார்க்கா என்ற ஒரு பெண்ணை மாத்திரம் சுமார் 30 தடவை அறுத்தார். அடிமையிடத்தில் சம்மதம் யார் கேட்பார்கள்? எஜமானன் சரி என்றால் போதும். பிறகு இந்த டாக்டருக்குப் பெண் வைத்திய சாஸ்திரத்தின் தகப்பனார் என்று பட்டம் கட்டி, நியூயார்க் நகரத்து சென்ட்ரல் பார்க்கில் சிலையும் வைத்திருந்தார்கள். 2018-ம் வருஷத்தில்தான் அந்தச் சிலையை எடுத்தார்கள்.

இது அடிமைக் காலத்துக் கதை, இப்பொழுது எதற்கு என்று யாராவது கேட்கக்கூடும். அவர்களுக்காகப் பிந்திய காலத்துச் சங்கதியையும் சொல்லுவோம். அதே அலபாமாவில், மேக்கன் ஜில்லாவில், சர்க்கார் சுகாதார இலாகாவே 1932-ல் ஒரு ஆராய்ச்சியை ஆரம்பித்தது. டஸ்கிகி ஆராய்ச்சி என்று அதற்குப் பெயர். 600 கறுப்பு ஆண்களைச் சேர்த்தார்கள். அதில் 399 பேருக்கு மேகவியாதி இருந்தது. வியாதியின் பெயரை அவர்களிடம் சொல்லவில்லை. "கெட்ட ரத்தம்" என்று சொல்லி வைத்தார்கள். வியாதி முற்றி மனிதன் எப்படிச் சாகின்றான் என்று பார்ப்பதே ஆராய்ச்சி. 1947 வாக்கில் பெனிசிலின் இவ்வியாதிக்குக் கண்கண்ட மருந்தாகி எங்கும் கிடைத்த பிறகுங்கூட இவர்களுக்கு மாத்திரம் அது கொடுக்கப்படவில்லை. 1972-ல் பத்திரிகையில் அம்பலமான பிறகே நிறுத்தினார்கள். 40 வருஷம்! 1997-ல் ஜனாதிபதி கிளிண்டன் மன்னிப்புக் கேட்டுக் கொண்டார்.

இந்த டஸ்கிகி விஷயத்தைப் பேசுகின்றவர்கள் எல்லோரும் ஆண்களைப் பற்றியே பேசி விட்டுவிடுகின்றார்கள். அந்த ஆண்களுக்கு மனைவிமார் இல்லையா? வியாதி அவர்களுக்கும் தொற்றிற்று. வயிற்றிலிருந்தே வியாதியோடு பிறந்த குழந்தைகளும் உண்டு. புருஷனுக்கு இன்ன வியாதி என்று புருஷனுக்கே சொல்லாதவர்கள் பெண்ஜாதிக்கா சொல்லப் போகின்றார்கள்? ஆராய்ச்சிக் கணக்கில் அவளுக்குப் பெயர்கூடக் கிடையாது.

1973-ல் மறுபடியும் மாண்ட்காமரி. 14 வயதும் 12 வயதுமான இரண்டு கறுப்புச் சகோதரிகள், சர்க்கார் பணத்தில் நடந்த ஒரு குடும்பக் கட்டுப்பாட்டு நிலையத்தினால் கருத்தரிக்க முடியாதபடி அறுவை செய்யப்பட்டார்கள். தாயாருக்கு எழுத்து வாசனை கிடையாது. ஊசி போடுவதற்கு என்று நினைத்துக் கீறல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். கர்ப்பத்தடை வேண்டும் என்று சொல்லுகின்றவர்கள் இவ்விடத்தில் நன்றாகக் கவனிக்க வேண்டும். பெண் தன் இஷ்டப்படி பிள்ளை பெறாமலிருக்கும் சுதந்திரத்தைத்தான் நாம் கர்ப்பத்தடை என்கின்றோமே ஒழிய, இன்னொருவன் இஷ்டப்படி அவள் மலடாக்கப்படுவதை அல்ல.

இவ்வளவையும் தாயிடமும் பாட்டியிடமும் கேட்டு வளர்ந்த ஒரு பெண், வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் காகிதத்தை நீட்டிக் கையெழுத்துப் போடு என்றால், கொஞ்சம் பொறும் ஐயா, இதில் என்ன எழுதியிருக்கின்றது என்று கேட்பதற்குப் பெயர் மூடநம்பிக்கையா? அப்படிக் கேட்காமல் போட்டிருந்தாலல்லவா அவளை மூடமென்று சொல்ல வேண்டும்!

நிற்க, சந்தேகம் நியாயமானது என்பதாலேயே அது நன்மை செய்துவிடும் என்று நாம் சொல்ல வரவில்லை. கிருமிக்குச் சரித்திரம் தெரியாது. டாக்டரிடம் கோபித்துக் கொண்டு மருந்தைத் தொடாமலிருந்தால் சாகப்போவது டாக்டர் அல்ல. மருந்தோ வேலை செய்கின்றது. வேளை தவறாமல் சாப்பிடுகின்றவர்கள் நெடுநாள் வாழ்கின்றார்கள். ஆகையால் நியாயமான சந்தேகம் உடைய ஒருவருக்கு உண்மையான மருந்து எப்படிப் போய்ச் சேருவது என்பதுதான் விஷயம். அதற்கு வழி கண்டவர்கள் பெரும்பாலும் அந்தப் பெண்களேதான்.

முதலாவது, தங்களையும் கணக்கில் சேர்க்கும்படி அவர்கள் போராட வேண்டியிருந்தது. 1981 ஜூன் மாதம் இந்நோயைப் பற்றி வந்த முதல் அறிக்கை லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்து 5 ஆண்களைப் பற்றியது. அதிலிருந்து எய்ட்ஸ் என்பதற்கு இன்னின்ன அடையாளம் என்று சர்க்கார் போட்ட ஜாபிதா பெரிதும் ஆண்களின் உடம்பைப் பார்த்துப் போட்டதாகவே இருந்தது. கருப்பைக் கழுத்துப் புற்று அந்த ஜாபிதாவில் இல்லை. ஆகையால் கிருமியால் உடல் அழிந்து சாகக் கிடக்கும் பெண்ணுக்கும் "உனக்கு எய்ட்ஸ் இல்லை" என்று பதில் வரும். அந்தப் பெயர் கிடைக்காவிட்டால் சர்க்கார் உதவிப்பணம் கிடைப்பதும் கஷ்டம். நியூயார்க் மாகாணத்து பெட்போர்ட் ஹில்ஸ் பெண்கள் சிறையில் கைதிகளே 1988-ல் எய்ட்ஸைப் பற்றி ஒருவருக்கொருவர் சொல்லிக் கொடுக்கவும் நோயாளிகளைப் பார்த்துக் கொள்ளவும் ஒரு அமைப்பை உண்டாக்கினார்கள். அதில் முன்னின்ற காட்ரீனா ஹாஸ்லிப் என்ற கறுப்புப் பெண், விடுதலையாகி வந்த பிறகு மற்றப் பெண்களோடு சேர்ந்து இந்த ஜாபிதாவை மாற்றும்படி கிளர்ச்சி செய்தார். 1993 ஜனவரி 1-ந் தேதியிலிருந்து ஜாபிதா மாறிற்று. அதற்கு ஒரு மாதத்திற்குள்ளாக, 1992 டிசம்பரிலேயே, அவர் இறந்து போனார்.

இரண்டாவது, பெண்ணுக்கு எதைச் சொல்லுவது, யார் சொல்லுவது என்ற விஷயம். சான் பிரான்சிஸ்கோவில் பேவியூ ஹண்டர்ஸ் பாயிண்ட் என்னும் கறுப்பு மக்கள் வட்டாரத்தில் 18 முதல் 29 வயது வரையுள்ள 128 பெண்களைக் கொண்டு ஒரு பரீட்சை நடத்தி 1995-ல் வெளியிட்டார்கள். ஒரு பிரிவினருக்கு நோயைப் பற்றிய விஷயங்களை ஒரே தடவை எடுத்துச் சொன்னார்கள். இன்னொரு பிரிவினருக்கு ஐந்து கூட்டம். நடத்தினவர்களும் கறுப்புப் பெண்களே. அதில் கறுப்புப் பெண்ணாக இருப்பதில் பெருமை கொள்வதிலிருந்து ஆரம்பித்து, ஆணுறை இல்லாமல் முடியாது என்று ஆணிடத்தில் எப்படிச் சொல்லுவது, அவன் முறைத்தால் என்ன செய்வது என்பது வரைக்கும் பேசி, நடித்து, பழகினார்கள். ஐந்து கூட்டத்திற்கு வந்தவர்களிடத்தில் ஆணுறை உபயோகம் தெளிவாக ஏறிற்று. வெறும் விஷயத்தை மாத்திரம் கேட்டவர்களுக்கும், ஒன்றுமே கேளாமல் காத்திருந்தவர்களுக்கும் சொல்லத்தக்க வித்தியாசம் காணப்படவில்லை. மேடை ஏறி விஷயத்தைச் சொல்லிவிட்டால் ஜனங்கள் திருந்திவிடுவார்கள் என்று எண்ணும் நம்மைப்போன்ற பிரசங்கிகளுக்கு இது கொஞ்சம் கசப்பான சேதிதான்.

ஏன் அப்படி? ஆணுறை ஆணின் உடம்பில் போட வேண்டியது. பெண்ணுக்கு எவ்வளவு தெரிந்திருந்தாலும் அவன் மாட்டேன் என்றால் அவளுடைய அறிவு என்ன செய்யும்? வாடகை அவன் கையில், அடி அவன் கையில் என்றிருந்தால் சொல்லவே வேண்டாம். கற்பைப் பிரசங்கம் செய்கின்றவர்கள் இதைத்தான் மறைக்கின்றார்கள். ஒரே ஆணோடு இருந்து அவனாலேயே கிருமியைப் பெற்ற பெண்கள் எத்தனையோ பேர். அவர்கள் கற்புக்கு என்ன குறைச்சல் என்று கேட்கின்றோம். 2009, 2010 வருஷங்களில், தரித்திரமும் இந்நோயும் மிகுந்த 10 வட்டாரங்களில் 2,099 பெண்களைச் சேர்த்து ஆராய்ந்தார்கள். 100-க்கு 88 பேர் கறுப்புப் பெண்கள். பாதிக்குச் சற்றுக் குறைவானவர்களுக்கு அடுத்த வேளைச் சாப்பாடே நிச்சயமில்லை. நாட்டிலுள்ள கறுப்புப் பெண்களின் பொதுக் கணக்கைவிடப் பல மடங்கு வேகத்தில் அவ்வட்டாரங்களில் நோய் பரவிக் கொண்டிருந்தது. ஒரு தெருவில் தரித்திரத்தையும் கிருமியையும் சேர்த்துக் குவித்துவிட்டு, அங்கே குடியிருக்கின்றவளின் நடத்தையை விசாரிப்பது என்ன யோக்கியதை?

அட்லாண்டாவில் 1989 முதல் சிஸ்டர்லவ் என்ற சங்கம் ஒன்று இருக்கின்றது. டேசன் டிக்சன் டயல்லோ என்ற அம்மையார் ஸ்தாபித்தது. இவர்கள் ஆஸ்பத்திரிக்கு வா என்று கூப்பிடுவதில்லை. ஒரு பெண் தன் தோழிகளையும் உறவுக்காரிகளையும் தன் வீட்டிற்கே அழைக்க, சங்கத்துப் பெண் அங்கே போகின்றாள். மூன்று நான்கு மணி நேரம் சிரிப்பும் பேச்சும். உடம்பின் உறுப்புகளுக்குப் பெயர் சொல்ல வெட்கமில்லை. சுகம் என்பது பெண்ணுக்கும் உரியது என்பதிலிருந்து ஆரம்பித்து, நோய் எப்படி வருகின்றது, ஆணுறையை எப்படிப் போடுவது என்று கையிலெடுத்துக் காட்டி முடிக்கின்றார்கள். இதில் நமக்கு மிகவும் பிடித்தது என்னவென்றால், இது நல்லது என்று தாங்களே சொல்லிக் கொண்டு இருந்துவிடாமல் இதையும் பரீட்சைக்கு விட்டார்கள் என்பதே. 30 குழுக்கள், 313 பெண்கள். பாதிக் குழுக்களுக்கு இந்த முறை, மற்றவைகளுக்கு வேறு. 2010-ல் முடிவு வெளியாயிற்று. ஆறு மாதம் கழித்தும் இம்முறைக்காரர்களே அதிகமாக ரத்தப் பரீட்சை செய்து கொண்டவர்களாகவும் ஆணுறை உபயோகித்தவர்களாகவும் இருந்தார்கள். விஞ்ஞானத்தை வெறுக்கின்றவர்கள் செய்கின்ற காரியமா இது?

மருந்துக் கம்பெனிக்காரர்களின் யோக்கியதையையும் பாருங்கள். நோய் வருமுன் தடுக்கும் மாத்திரை ஒன்றை 2019-ல் அனுமதித்தபோது, பெண்ணுறுப்பு வழிச் சேர்க்கையால் ஆபத்துள்ளவர்களுக்கு அது இல்லை என்று விலக்கு எழுதினார்கள். காரணம், அப்படிப்பட்ட பெண்களைப் பரீட்சையிலேயே சேர்க்கவில்லை. பிறகு ஆறு மாதத்திற்கு ஒரு ஊசியாகிய லெனாகாபவிர் என்பதைத் தென்னாப்பிரிக்காவிலும் உகாண்டாவிலும் பெண்களிடத்திலேயே, 16 வயதுப் பெண்ணையும் கர்ப்பமானவளையும் விலக்காமல், பரீட்சித்தார்கள். 2024-ல் முடிவு வந்தது: ஊசி பெற்ற 2,134 பேரில் ஒருவருக்குங்கூடக் கிருமி தொற்றவில்லை. 2025 ஜூனில் அமெரிக்காவிலும் அனுமதி கிடைத்தது. விலை வருஷத்திற்கு 28,000 டாலருக்கு மேல்.

ஏழைகளுக்கு வைத்தியச் செலவு கொடுக்கும் மெடிகெய்ட் என்னும் ஏற்பாட்டை விஸ்தரிக்க 2025 வரையிலும் மறுத்து வந்த மாகாணங்களில் அலபாமாவும் ஒன்று. அங்கே முதுமையோ ஊனமோ இல்லாத, பிள்ளையும் இல்லாத ஒரு பெண் எவ்வளவு ஏழையாயிருந்தாலும் அந்த ஏற்பாட்டில் அவளுக்கு முழு வைத்தியம் இல்லை. கர்ப்பமானால் உண்டு, பிரசவமாகி ஒரு வருஷம் வரைக்கும் உண்டு.