மூலத்தைத் தேடுக

2003-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற தமிழ் விக்கிப்பீடியாவின் பெரும்பாலான கட்டுரைகளை யாரும் திருத்தலாம். அதன் வலிமையும் அதுவே, குறையும் அதுவே. ஆகவே, கல்லூரி ஆய்வை அங்குத் தொடங்கலாம். அங்கேயே முடித்தல் கூடாது.

இதற்கு மைசூரே சான்று. அர்த்தசாஸ்திரம் நெடுங்காலம் பிற நூல்களின் மேற்கோள்கள் வழியாகவே அறியப்பட்டிருந்தது. தஞ்சைப் பகுதிப் பண்டிதர் ஒருவர் மைசூர்க் கீழ்த்திசை நூலகத்திற்கு அளித்த ஓலைச்சுவடியை ஆராய்ந்து, சாமசாஸ்திரி 1909-இல் பதிப்பித்தார். நூல் உண்டு என்பதை மேற்கோள்கள் கூறின. நூலில் உள்ளது யாது என்பதைச் சுவடியே காட்டியது.

இணையக் கலைக்களஞ்சியமும் மேற்கோள் போன்றதே. கட்டுரையின் அடியிலுள்ள சான்றுகளைத் தேடிப் படித்து, பிற நூல்களோடு ஒப்பிட்டு, தம் சொற்களில் எழுதும் மாணவரின் ஆய்வே நிலைக்கும்.