கொதிக்க வைக்காமல் டி.என்.ஏ.வைப் பிரிப்பது எப்படி?

செருப்பில் இருக்கும் வெல்க்ரோ பட்டையை ஓரத்தில் பிடித்துத் தூக்கினால், 'பர்ர்' என்று கழன்று வரும். அதையே பக்கவாட்டில் இழுத்தால்? செருப்பே பிய்ந்தாலும் பட்டை லேசில் நகராது. தூக்கும்போது கொக்கிகள் வரிசையாக விடுபடுகின்றன. பக்கவாட்டில் இழுத்தால் எல்லாம் சேர்ந்து முரண்டுபிடிக்கின்றன.

டி.என்.ஏ.வும் இந்த ரகம்தான். முறுக்கிக் கிடக்கும் இரண்டு இழைகளில் ஏ-க்கு எதிரே டி, ஜி-க்கு எதிரே சி என்று எழுத்துகள் கைகோத்திருக்கும். ஒரே முனையில் இரண்டு இழைகளையும் பிடித்து விலக்கினால், ஜோடி ஜோடியாகப் பிரியும்.

1997-ல் பாரிஸ் விஞ்ஞானிகள் இதைச் செய்தே காட்டினார்கள். பாக்டீரியாவைத் தாக்கும் லாம்டா வைரஸின் டி.என்.ஏ.வை எடுத்துக்கொண்டார்கள். அதில் 48,502 ஜோடிகள். ஓர் இழையின் முனையைக் கண்ணாடித் தகட்டில் ஒட்டினார்கள். மற்ற இழையின் முனையில் ஒரு நுண்மணி. அந்த மணியைப் பிடித்தபடி மெல்லிய கண்ணாடி ஊசி. தகட்டை மெல்ல நகர்த்தினால் இழைகள் பிரியும், ஊசி வளையும். எவ்வளவு வளைகிறதோ, அதுதான் விசையின் அளவு.

கிடைத்த விடை, சுமார் 10 முதல் 15 பிகோநியூட்டன். 100 கிராம் பொருளைக் கையில் தாங்க ஏறக்குறைய ஒரு நியூட்டன் வேண்டும். அதை லட்சம் கோடி பங்காக்கினால் ஒரு பங்குதான் ஒரு பிகோநியூட்டன்!

இன்னொரு அழகு, விசை சீராக இல்லை. ஏ-டி ஜோடிக்கு இரண்டு பிணைப்பு, ஜி-சி ஜோடிக்கு மூன்று. ஜி-சி அதிகமுள்ள இடங்களில் ஊசி கூடுதலாக வளைந்தது.

பி.சி.ஆர். பரிசோதனையில் இந்தத் தொல்லை இல்லை. சுமார் 95 டிகிரிக்குச் சூடாக்கினால் இழைகள் தானே பிரிந்துவிடும். 37 டிகிரி உடம்பில் அது நடக்குமா? அதனால்தான் செல்லுக்குள் 'ஹெலிகேஸ்' என்ற புரதங்கள் இருக்கின்றன. ஏ.டி.பி. என்ற எரிபொருளைச் செலவழித்து, இழைகளைப் பிரித்துக்கொண்டே ஓடுகின்றன. பிரதி எடுக்கச் சில, பழுதுபார்க்கச் சில.

பழுதுபார்க்கும் ஹெலிகேஸ்களில் ஒன்று கெட்டால் வருவது வெர்னர் நோய். இருபதுகளிலேயே தலை நரைக்கும், முப்பதுகளில் கண்புரை வரும். தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்தால்தான் இந்த நோய். 1904-ல் ஜெர்மனியின் ஓட்டோ வெர்னர் இதை விவரித்தார். காரணமான மரபணு பிடிபட்டது 1996-ல்.

சில வகைப் பெருங்குடல் புற்றுநோய் செல்கள் இதே ஹெலிகேஸை நம்பித்தான் பிழைக்கின்றன என்பது 2019-ல் தெரியவந்தது. அதை முடக்கும் மருந்துகள் இப்போது நோயாளிகளிடம் பரிசோதிக்கப்படுகின்றன.