ஊசிக்கு முன் ஒரு டைனோசர்

வீரசோழன், திருச்சுழிப் பகுதிகளிலிருந்து வரும் குழந்தைகளிடம், "எந்தக் கையால் படம் வரைவாய்?" என்று முதலில் கேட்கிறோம். டிரிப்ஸ் ஊசியை மறு கையில் போடுகிறோம்.

பெற்றோரே, அப்போது "வலிக்கவே வலிக்காது" என்று சொல்லாதீர்கள். சிறிது வலிக்கும். பொய் தெரிந்துவிட்டால் அடுத்த முறை குழந்தை உங்களையே நம்பாது. அதைவிட, அருகில் அமர்ந்து ஒரு டைனோசர் வரையத் தொடங்குங்கள்: முட்டை வடிவ உடல், நீண்ட கழுத்து, வால், தூண்போல் நான்கு கால்கள். பல்லைக் காட்டிச் சிரிப்பதா, உறுமுவதா என்பதைக் குழந்தை முடிவு செய்யட்டும்.

"எனக்கு வரைய வராது" என்று ஒதுங்க வேண்டா. கோணலாக வந்தால் நல்லதே. அதைத் திருத்தும் ஆவலில் குழந்தையின் கவனம் ஊசியை விட்டுச் சற்று விலகும். அறிஞர்களையே தடுமாற வைத்த விலங்கல்லவா! அரியலூர்ப் பக்கம் கல்லமேட்டில் கிடைத்த எலும்புகளுக்கு யாதகிரி, அய்யாசாமி ஆகியோர் 1987இல் புருகத்காயோசாரஸ் என்று பெயரிட்டனர். முதலில் ஊனுண்ணி என்றனர். பின்னர் அது நீண்ட கழுத்துடைய தாவரவுண்ணியாகக் கொள்ளப்பட்டது. ஆகவே உங்கள் படத்தைப் பிழையென்று நாங்கள் சொல்லமாட்டோம்.

பென்சில் ஒன்று கொண்டுவாருங்கள். தாள் எங்களிடம் உண்டு.