படகோட்டி மறுத்த நாள்

திருகோணமலைக் கடற்கரையைச் சுற்றிப் பார்க்க உகந்த காலம் மே முதல் செப்டெம்பர் வரை என்று சுற்றுலாக் கைநூல்கள் கூறும். ஆயினும் பாடசாலை விடுமுறையும் புலம்பெயர்ந்த உறவுகளின் வருகையும் டிசம்பரில்தான் ஒன்றாக வாய்க்கின்றன. அதுவோ வாடைக்காற்றின் காலம். 2023 டிசம்பரில் நானும் குடும்பத்தினருடன் அவ்வாறே அங்கு சென்றிருந்தேன்.

காலையில் வானம் வெளுத்திருந்தது. பிரட்றிக் கோட்டை வாயிலில் நின்ற மான்களைக் கடந்து கோணேசர் ஆலயத்திற்கு ஏறினோம். இராவணன் வெட்டருகே நின்றபோது கிழக்கே கருமேகம் திரண்டது. பத்து நிமிடம் கொட்டித் தீர்த்துவிட்டு மீண்டும் வெயில் எறித்தது. நனைந்த பாறையும் கீழே வெண்ணுரையாய்ச் சிதறும் அலையும் கோடையில் காணக் கிடையாத காட்சி என்பேன்.

நண்பகலில் நிலாவெளிக்குச் சென்றோம். கரையிலிருந்து ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர் தொலைவில் புறாமலை தெளிவாகத் தெரிந்தது. 2003இல் தேசியப் பூங்காவாக்கப்பட்ட அத்தீவின் முருகைக்கற்களைக் காண்பதே பிள்ளைகளின் பெருவிருப்பம். ஆனால் படகோட்டி மறுத்துவிட்டார்.

"ஐயா, போறது சுகம். திரும்பி வாறதைத்தான் சொல்ல ஏலாது."

எமக்கு முன்பே வந்திருந்த, வெளிநாட்டில் வாழும் நம்மவர் குடும்பமொன்று இரட்டிப்புப் பணம் தருவதாகக் கூறி அவரிடம் வாதாடிக்கொண்டிருந்தது. நாளை மறுநாள் விமானம் என்றார்கள். உண்மையைச் சொல்வதானால், அவர் அதற்கு இணங்கினால் நாமும் ஏறிவிடலாம் என்ற எண்ணம் எனக்கும் எழுந்தது.

அந்த எண்ணமே என்னை உறுத்தியது. பத்திரிகைப் பணியில் 'கடலில் மூழ்கிப் பலி' என்று எத்தனையோ நான்கு வரிச் செய்திகளைச் செப்பனிட்டு உள்பக்கத்திற்கு அனுப்பியிருக்கிறேன். 'மரணமானவர் நீந்தத் தெரியாதவர்' என்று எழுதினோமே தவிர, கரையில் நடந்த பேரத்தை ஒருபோதும் விசாரித்ததில்லை.

இக்கரை காற்றை அறியாத கரையன்று. 1964 டிசம்பர்ச் சூறாவளி திருகோணமலையைத் தாக்கிய பின்பே தனுஷ்கோடியை அழித்தது. 2004 டிசம்பரில் ஆழிப்பேரலை வந்தது. 2020 டிசம்பர் 2ஆம் திகதி புரெவிப் புயல் கரையேறியதும் குச்சவெளியை அண்டிய இதே கரையில்தான். வானிலை நிலையத்தின் எச்சரிக்கை வானொலியில் வரும், கைத்தொலைபேசியிலும் வரும். ஆனால் மணலில் நிற்கும்போது இறுதிச் சொல் படகோட்டியினுடையது. மாரியில் மீன்பிடியும் நலிந்து, பயணிகளும் குறைந்த நிலையில் 'இல்லை' என்று சொல்வதற்கு அவர் கொடுக்கும் விலை, நமது விமானச் சீட்டை விடக் குறைந்ததல்ல. அந்தச் சொல்லைப் பணத்தால் அசைக்க முயல்வது பேரமல்ல, குற்றம். டிசம்பரில் அறை பதிவு செய்வோரிடம் புறாமலைப் பயணம் உறுதியில்லை என்று முன்கூட்டியே சொல்லிவிடுவது விடுதிக்காரர்களின் கடமை. அங்கே வளரும் ஏமாற்றமே கரையில் கோபமாக வெடிக்கிறது.

மூன்று மணியளவில் மீண்டும் மழை வந்தது. புறாமலை கண்ணுக்கு மறைந்தது. படகோட்டியும் வேறு நால்வரும் படகை மணல்மேட்டுக்கு இழுத்துக்கொண்டிருந்தார்கள். நானும் என் மகனும் கை கொடுத்தோம். அந்தக் குடும்பத்தின் வானைக் காணவில்லை. வேறு படகு தேடி இறக்கண்டிப் பக்கம் போய்விட்டார்கள் என்று தேநீர்க்கடைக்காரர் சொன்னார்.