தைவானுக்கு நாற்காலி போட்டது யார்?

"தைவான் தனி நாடே கிடையாது, அதற்கு உலக வர்த்தக அமைப்பில் எதற்கு இடம்?" என்று தேரடிப் பக்கம் டீ குடிக்கும்போது நண்பர் ஒருவர் கேட்டார். அங்கே சொல்ல நேரமில்லை, இங்கே எழுதுகிறேன்.

கேள்வியே தப்பு. அந்த அமைப்பு கொடியைப் பார்த்து நாற்காலி போடுவதில்லை. தன் சுங்க வரியையும் வெளிவணிகத்தையும் தானே தீர்மானிக்கும் பகுதியா என்று பார்க்கிறது. பழைய காட் ஒப்பந்தக் காலத்திலிருந்தே அப்படித்தான். 1947 அக்டோபர் 30 அன்று அதில் கையெழுத்திட்ட 23 பேரில் இலங்கையும் உண்டு. இலங்கைக்கு விடுதலை கிடைத்தது 1948 பிப்ரவரியில்! ஹாங்காங் 1986-இல், பிரிட்டிஷ் காலனியாக இருக்கும்போதே உறுப்பினர் ஆனது. 1997-இல் சீனாவிடம் போன பிறகும் அந்தத் தனி இடம் அப்படியே இருக்கிறது.

தைவான் 1990-இல் மனுப் போட்டது. என்ன பெயரில் தெரியுமா? 'தைவான், பெங்ஹு, கின்மென், மாட்சு தனிச் சுங்கப் பகுதி.' நாடு என்ற சொல்லே இல்லை. அப்படியும் முதலில் சீனா, பிறகுதான் தைவான் என்று 1992-இல் பேசி வைத்தார்கள். சீனா சேர்ந்தது 2001 டிசம்பர் 11. தைவான் 2002 ஜனவரி 1, 'சீன தைபே' என்ற சுருக்கப் பெயரோடு. பன்னிரண்டு வருடம் வாசலில் நிற்க வைத்தார்கள்.

(பெயர்க் கதை எங்கள் ஊருக்குப் புதிதல்ல. காலட் என்ற கம்பெனி கவர்னர் நெசவாளர்களைக் குடிவைத்த காலட்பேட்டைதான் காலடிப்பேட்டை ஆனது. அதற்காக யாரும் ஊரைக் காலி செய்யவில்லை.)

நம் அரசு என்ன செய்கிறது? 1950 முதல் தூதரக உறவு பெய்ஜிங்கோடு மட்டும். சரி. ஆனால் தைபேயில் 1995 முதல் நமக்கு 'இந்தியா-தைபே சங்கம்' இருக்கிறது. சென்னையில் 2012 முதல் அவர்களுக்கும் ஓர் அலுவலகம். ஸ்ரீபெரும்புதூரில் ஐபோன் செய்யும் பாக்ஸ்கான் தைவான் கம்பெனி, ஆயிரக்கணக்கான நம் பெண்பிள்ளைகளுக்கு அங்கேதான் சம்பளம். 2019-இல் செல்போன் முதலியவற்றுக்கு நாம் போட்ட இறக்குமதி வரியை எதிர்த்து இதே 'சீன தைபே' நம்மேல் வழக்குப் போட்டது. நாமும் போய் வாதாடினோம். 2023-இல் தீர்ப்பு பெரும்பாலும் நமக்கு எதிராக வந்தது. அப்புறம் இரு தரப்பும் சேர்ந்தே வாய்தா மேல் வாய்தா வாங்கினோம்.

வழக்காடத் தெரிகிறது, வணிக ஒப்பந்தம் போட மட்டும் பெயர் இடிக்கிறதா? நியூசிலாந்தும் சிங்கப்பூரும் 2013-இலேயே போட்டுவிட்டன. இரண்டும் பெய்ஜிங்கை அங்கீகரித்த நாடுகள். நாம் 2018-இல் முதலீட்டு ஒப்பந்தத்தோடு நின்றுவிட்டோம்.

"நாளைக்குக் காஷ்மீரைச் சொல்வார்களே" என்பவர்களுக்கு: நம் நாட்டில் எந்த மாநிலமும் சுங்க வரி போடுவதில்லை, அது மத்திய அரசின் அதிகாரம். இந்த விதி நம்மைத் தொடவே தொடாது. சீனா கோபித்தால் உதிரிபாகம் நிற்கும் என்ற பயம் மட்டும் நியாயமானது. ஒரே கடையில் வாங்குகிறவனுக்குத்தான் அந்தப் பயம் வரும். இன்னொரு கடை திறக்கத்தானே சொல்கிறேன்?

சிங்கப்பூர் ஒப்பந்தத்தின் தலைப்பிலேயே அந்த நீளமான சுங்கப் பகுதிப் பெயர் இருக்கிறது. டெல்லி அதிகாரிகள் அதைப் பார்த்து எழுதட்டும். காப்பி அடித்ததற்கு நான் மார்க் குறைக்க மாட்டேன்.