ஆற்றில் போட்டாலும் அளந்து போடுவோம்

சம்பளம், வேலை நாள், வீடு, காணி என்று பேசிவரும் இந்தப் பக்கத்தில் இம்முறை முதலீட்டைப் பற்றிப் பேசுகிறோம். "வாங்கும் சம்பளமே மாதக் கடைசிவரை வருவதில்லை, இதில் முதலீடு வேறா?" என்று கேட்கத் தோன்றும். நியாயமான கேள்விதான். வாழப் போதுமான சம்பளத்துக்கு எந்தச் சேமிப்புத் திட்டமும் மாற்றாகாது. சம்பளப் போராட்டத்தை ஓரம் கட்டிவிட்டு வங்கிப் புத்தகத்தைத் திறக்கச் சொல்வது நமது நோக்கமல்ல.

ஆனால் ஒன்றை மறந்துவிடக் கூடாது. நாம் நினைத்தாலும் நினைக்காவிட்டாலும் நமது பெயரில் பணம் சேர்ந்துகொண்டுதான் இருக்கிறது. முப்பது வருடம் மலையேறி உழைத்தவர் ஓய்வுபெறும்போது சேமலாப நிதியும் சேவைக்காலப் பணமும் இலட்சக்கணக்கில் கைக்கு வருகின்றன. ஒரு தோட்டக் குடும்பம் வாழ்நாளில் ஒரே ஒரு முறை காணும் பெருந்தொகை அது. அது மாதாமாதம் வரும் ஓய்வூதியம் அல்ல. தீர்ந்துவிட்டால் மறுபடி வராது. அந்தப் பணம் எப்போது வரும் என்று வட்டிக்காரருக்கும் தெரியும், "போட்டால் இரட்டிப்பாகும்" என்று சொல்லிக்கொண்டு லயத்துக்கு வரும் முகவருக்கும் தெரியும். அதன் சொந்தக்காரர்களான நமக்கு அதைப் பற்றி என்ன தெரியும் என்பதே கேள்வி.

முதலில் நமது கணக்கைப் பார்ப்போம். 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தின்படி ஊழியர் சேமலாப நிதியத்துக்குத் தொழிலாளியின் சம்பளத்திலிருந்து 8 சதவீதமும், நிர்வாகத்தின் பங்காக 12 சதவீதமும் செலுத்தப்பட வேண்டும். 1980ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டத்தின்படி ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு நிர்வாகம் மேலும் 3 சதவீதம் செலுத்த வேண்டும். 2024 செப்டெம்பர் வர்த்தமானியில் வந்த 1,350 ரூபா நாட்சம்பளத்தை வைத்துக் கணக்குப் போடுங்கள். மாதத்தில் 25 பேர் விழுந்தால் 33,750 ரூபா. அதில் நமது 8 சதவீதம் 2,700 ரூபா. நிர்வாகத்தின் 12 சதவீதம் 4,050 ரூபா. நம்பிக்கை நிதியத்துக்கு இன்னும் 1,012 ரூபா 50 சதம். ஆக மாதம் 7,762 ரூபா 50 சதம் நமது பெயரில் சேர வேண்டும். சம்பளம் கூடும்போது இதுவும் கூடும்.

நாம் 2,700 ரூபா போட, அதோடு 4,050 ரூபா சேர்த்துத் தரும் முதலீடு வேறு எங்கும் கிடையாது. ஆகவே முதலீட்டின் முதற்பாடம் இந்தக் கணக்கைக் கண்காணிப்பதுதான். சம்பளத் துண்டில் பிடித்தம் விழுந்தால் மட்டும் போதாது, அந்தப் பணம் மத்திய வங்கியிலுள்ள நமது கணக்கில் விழுந்திருக்க வேண்டும். ஒரு மாதத்துக்கான பணத்தை அடுத்த மாத முடிவுக்குள் நிர்வாகம் செலுத்த வேண்டும். தாமதித்தால் தாமத காலத்துக்கேற்ப 5 முதல் 50 சதவீதம் வரை மேலதிகக் கட்டணம் உண்டு. ஆறு மாதத்துக்கு ஒரு முறை வரும் கணக்குக் கூற்றைக் கேட்டு வாங்குங்கள். செக்ரோலில் ஒரு பெயர், அடையாள அட்டையில் ஒரு பெயர், பிறப்புச் சான்றிதழில் இன்னொரு பெயர் என்று இருப்பது நமது மக்களின் பழைய நோய். ஓய்வுபெறும் வருடத்தில் அதைத் திருத்த ஓடினால் மாதக்கணக்கில் அலைய வேண்டிவரும். இப்போதே திருத்திக்கொள்ளுங்கள். பின்னுரித்தாளராக யாருடைய பெயர் இருக்கிறது என்பதையும் பாருங்கள்.

சேவைக்காலப் பணம் இதற்கு வேறானது. 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டத்தின்படி, ஐந்து வருடத்துக்குக் குறையாமல் வேலை செய்த நாட்சம்பளத் தொழிலாளிக்கு, ஒவ்வொரு வருட சேவைக்கும் 14 நாள் சம்பளம் உரியது. 1,350 ரூபாவின்படி 30 வருடத்துக்கு 5 இலட்சத்து 67 ஆயிரம் ரூபா வருகிறது. இந்தக் கணக்கை ஒவ்வொருவரும் தாமே போட்டுப் பார்க்கத் தெரிந்திருக்க வேண்டும்.

இரண்டாவது பாடம் கடன். நமது பாட்டன்மார் காலத்தில் தொழிலாளியின் கடனை எழுதிய "துண்டு" அவரோடு தோட்டத்துக்குத் தோட்டம் போனது. 1921இல் சட்டம் அந்தத் துண்டு முறையை ஒழித்தது. இன்று நாமே கையொப்பமிட்டு வேறு துண்டுகளை வாங்கிக்கொண்டிருக்கிறோம். மாதம் நூற்றுக்குப் பத்து வட்டிக்கு 20,000 ரூபா வாங்கினால் வருடத்துக்கு 24,000 ரூபா வட்டி மட்டுமே போகிறது, முதல் அப்படியே நிற்கிறது. இப்படிப்பட்ட கடனை வைத்துக்கொண்டு வங்கியில் 8 சதவீத வட்டிக்குப் பணம் போடுவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிப்பது போன்றது. அந்தக் கடனை அடைப்பதே நூற்றுக்கு 120 மிச்சம் தரும் முதலீடு.

நுண்கடன் விடயத்தில் இன்னொரு சூட்சுமம் இருக்கிறது. "50,000 ரூபா, வருடத்துக்கு 20 சதவீதம்தான், மாதம் 5,000 ரூபாவாகப் பன்னிரண்டு மாதத்தில் கட்டினால் முடிந்தது" என்பார்கள். பாதி வருடத்தில் பாதிக் கடனை நாம் கட்டி முடித்திருப்போம். ஆனாலும் வட்டியை முழு 50,000 ரூபாவுக்கும் வருடம் முழுவதற்கும் கணக்கிட்டிருப்பார்கள். குறைந்துவரும் கடன் நிலுவைக்குக் கணக்கிட்டுப் பார்த்தால் உண்மையான வட்டி ஏறக்குறைய 35 சதவீதம். கையொப்பமிடும் முன் "வட்டி முழுத்தொகைக்கா, குறைந்துவரும் நிலுவைக்கா?" என்று கேளுங்கள். பதில் சொல்லத் தயங்குபவரிடம் கடன் வாங்காதீர்கள். வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் வாங்கிய நுண்கடன்களுக்கு 2018இல் அரசாங்கமே நிவாரணம் அறிவிக்க நேர்ந்ததை நினைவில் வைத்திருங்கள்.

மூன்றாவது, கைக்கெட்டும் தூரத்தில் ஒரு சிறு தொகை. மழை பிழைத்து வேலை நாள் குறைந்தாலோ, வீட்டில் ஒருவர் ஆஸ்பத்திரியில் படுத்தாலோ, வட்டிக்காரரின் வாசலுக்கும் அடகுக்கடைக்கும் போகாமல் காப்பது அதுதான். மாதம் 500 ரூபாவில் தொடங்கினாலும் சரி. சேமிப்புக் கணக்குக்காக நகரத்துக்கு ஓட வேண்டியதில்லை, தேசிய சேமிப்பு வங்கிக் கணக்கைத் தபாலகத்திலேயே நடத்தலாம். தீபாவளி முற்பணத்தையும் சீட்டையும் சேமிப்பு என்று எண்ண வேண்டாம். முற்பணம் என்பது அடுத்து வரும் மாதங்களின் சம்பளம். சீட்டு மாதாமாதம் காசை ஒதுக்கும் பழக்கத்தைத் தரும், ஆனால் பிடிப்பவரின் நாணயம் ஒன்றே அதற்குப் பிணை.

இவை மூன்றும் சரியான பிறகே மிஞ்சிய பணத்தை எங்கே போடுவது என்ற கேள்வி வருகிறது.

பெரும்பாலானோருக்கு ஏற்றது வங்கியின் நிலையான வைப்பு. மாதம் 1,000 ரூபா வீதம் 8 சதவீதக் கூட்டுவட்டியில் 20 வருடம் போட்டால், நாம் போட்டது 2 இலட்சத்து 40 ஆயிரம், கையில் வருவது ஏறத்தாழ 5 இலட்சத்து 89 ஆயிரம். வட்டிக்கு வட்டி சேரக் காலம் வேண்டும். அதனால்தான் இளைஞர்கள் சிறு தொகையானாலும் சீக்கிரம் தொடங்க வேண்டும் என்கிறோம். உரிமம் பெற்ற வங்கி அல்லது நிதிக் கம்பனி முறிந்தால், வைப்புக் காப்புறுதித் திட்டத்தின்படி ஒரு நிறுவனத்தில் ஒருவருக்கு 11 இலட்சம் ரூபா வரை பாதுகாப்பு உண்டு. அதற்கு மேற்பட்ட தொகை இருந்தால் இரண்டு வங்கிகளில் பிரித்துப் போடுவது புத்தி. தேசிய சேமிப்பு வங்கியின் வைப்புகளுக்கு அரசாங்கமே முழு உத்தரவாதம். 2025 ஏப்ரல் முதல் வட்டியில் 10 சதவீத வரி பிடிக்கப்படுகிறது. வருட வருமானம் 18 இலட்சம் ரூபாவுக்கு உட்பட்டவர்கள் சுயபிரகடனப் படிவம் கொடுத்து அதிலிருந்து விலக்குப் பெறலாம். வங்கி தானாகச் சொல்லாது, நாம்தான் கேட்க வேண்டும்.

அரசாங்கம் கடன் வாங்க வெளியிடும் திறைசேரி உண்டியல்களை வங்கிகள் ஊடாகச் சாதாரண மக்களும் வாங்கலாம். 91, 182, 364 நாள் என மூன்று தவணைகள் உண்டு. 2022இன் பிற்பகுதியில் இவற்றின் வட்டி 30 சதவீதத்தைத் தாண்டியது, பின்னர் பத்துக்கும் கீழே இறங்கியது. ஆகவே நேற்றைய வட்டியைக் கேட்டு நாளைக்குத் திட்டம் போடாதீர்கள்.

வட்டியை மட்டும் பார்த்தாலும் ஏமாந்துவிடுவோம். 2022ஆம் ஆண்டுக்குச் சேமலாப நிதியம் கொடுத்த வட்டி 9 சதவீதம். அந்த வருடம் செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 சதவீதம். புத்தகத்தில் பணம் கூடியது, அரிசியும் மாவும் வாங்கும் அதன் பலம் குறைந்தது. எல்லாப் பணத்தையும் ஒரே இடத்தில் வைக்கக் கூடாது என்பதற்கு இதைவிட வேறு பாடம் தேவையில்லை. நமது பெண்கள் பவுன் சேர்ப்பதிலும் இந்த ஞானம் உண்டு. ஆனால் நகையாக வாங்கும்போது செய்கூலியும் சேதாரமும் போய்விடும், அடகுக்குப் போனால் வட்டியும் போகும் என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

பங்குச் சந்தை நமக்குச் சம்பந்தமில்லாதது என்று பலர் நினைக்கிறார்கள். தோட்டங்களின் முகாமை 1992இல் தனியாருக்குப் போனது. பின்னர் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளின் பங்குகள் விற்கப்பட்டபோது, 10 சதவீதப் பங்குகள் தோட்ட ஊழியர்களுக்கு இலவசமாக ஒதுக்கப்பட்டன. கொழுந்து பறித்த கைகளுக்கும் பங்குப் பத்திரம் வந்தது. அது என்ன காகிதம் என்று எடுத்துச் சொல்ல ஆள் இல்லாததால் பலர் அற்ப விலைக்குக் கொடுத்தார்கள், சிலருடையது டிரங்குப் பெட்டியின் அடியில் கிடக்கிறது. அப்பா அம்மாவின் பெட்டியில் அப்படி ஒரு பத்திரம் இருந்தால் எறிந்துவிடாதீர்கள். கைமாற்றி விற்கவும் வேண்டாம். சங்க அலுவலகத்துக்குக் கொண்டுவாருங்கள், உரிய கம்பனியிடம் விசாரிக்க உதவுகிறோம். புதிதாகப் பங்கு வாங்க விரும்பும் இளைஞர்களுக்கு ஒரே வார்த்தை: ஐந்து வருடத்துக்குத் தேவைப்படாத பணம் மட்டும், பாதியாகக் குறைந்தாலும் குடும்பம் பட்டினி கிடக்காத பணம் மட்டும். கடன் வாங்கிப் பங்கு வாங்குவது வேண்டவே வேண்டாம்.

இனி, தொலைபேசியில் வரும் திட்டங்கள். "மாதம் நூற்றுக்குப் பத்து நிச்சயம்", "இரண்டு பேரைச் சேர்த்துவிட்டால் போட்ட காசு திரும்பும்" என்பவை எல்லாம் ஒரே குட்டையில் ஊறிய மட்டைகள். முன்னே சேர்ந்தவருக்குப் பின்னே வருபவரின் பணத்தைக் கொடுத்து, ஆள் வருவது நின்றதும் மூடிக்கொண்டு போவார்கள். வங்கிச் சட்டத்தின் 83சி பிரிவின்படி பிரமிட் திட்டம் நடத்துவது குற்றம். 2008 டிசம்பரில் கோல்டன் கீ கம்பனி சரிந்தபோது படித்தவர்களும் வசதியானவர்களும் பணத்தை இழந்து நின்றார்கள். வைப்பு வாங்க மத்திய வங்கியின் உரிமம் அதற்கு இருக்கவில்லை. ஆகவே பணம் கேட்பவர் சொந்தக்காரராக இருந்தாலும், கோயில் கமிட்டியில் இருப்பவரானாலும், முதலில் கேட்க வேண்டியது: "மத்திய வங்கியின் உரிமம் பெற்றோர் பட்டியலில் உங்கள் கம்பனியின் பெயர் இருக்கிறதா?" இல்லையென்றால் அங்கே பேச்சு முடிந்தது.

ஓய்வுபெறப்போகும் சகோதர சகோதரிகளுக்கு ஒரு வேண்டுகோள். சேமலாப நிதியை ஆண்கள் 55 வயதிலும் பெண்கள் 50 வயதிலும் எடுக்கலாம் என்பதற்காக அன்றே எடுத்துத்தான் ஆக வேண்டும் என்றில்லை. எடுத்தால், முதல் மூன்று மாதம் யாருக்கும் வாக்குக் கொடுக்காமல் பணத்தை வங்கியில் உங்கள் பெயரிலேயே வையுங்கள். 10 இலட்சம் ரூபா 8 சதவீத வைப்பில் இருந்தால் மாதம் 6,600 ரூபாவுக்கு மேல் வட்டி வரும். மருந்துக்கும் கைச்செலவுக்கும் பிள்ளைகளிடம் கையேந்தாமல் இருக்க அது போதுமானதாக இல்லாவிட்டாலும் பேருதவியாக இருக்கும். கூரை போடவும் பேரப்பிள்ளை படிக்கவும் செலவழிப்பது தவறல்ல. ஆனால் எவ்வளவு கொடுப்பது, எவ்வளவு வைத்துக்கொள்வது என்பதை உழைத்தவரே தீர்மானிக்க வேண்டும்.

தொழிலாளியை மட்டும் கணக்குப் பார்க்கச் சொல்லிவிட்டு நாம் நின்றுவிட முடியாது. சேமலாப நிதிக் கூற்று ஒவ்வொரு தொழிலாளியின் கையிலும் கொடுக்கப்பட வேண்டும். பெயர் திருத்தத்துக்கான நடமாடும் சேவை தமிழ் தெரிந்த உத்தியோகத்தர்களோடு தோட்டங்களுக்கு வர வேண்டும். நிலுவை வைத்திருக்கும் நிர்வாகங்கள் மேலதிகக் கட்டணத்தோடு அதைச் செலுத்த வேண்டும், தொழில் திணைக்களம் அதை அறவிட வேண்டும். இவற்றை நிர்வாகங்களிடமும் திணைக்களத்திடமும் வலியுறுத்துகிறோம்.

தோட்டத் தலைவர்மாரும் தலைவிமாரும் அடுத்த கூட்டத்துக்கு அங்கத்தவர்கள் அனைவரையும் கடைசிச் சம்பளத் துண்டு, சேமலாப நிதிக் கூற்று, அடையாள அட்டை மூன்றையும் எடுத்துவரச் சொல்லுங்கள். மூன்றிலும் ஒரே பெயர் இருக்கிறதா, பிடித்த பணம் கணக்கில் விழுந்திருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம். முதலீட்டு வகுப்பை அங்கிருந்து தொடங்குவோம்.